சொந்தப் படகில் வாஷிங்டன்: குடும்பத்தோடு சில வாரங்கள் தங்குவதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கிழக்குக் கரையில் படகிலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்களுக்கு வாஷிங்டன் போல ஒரு ஊர் கிடைப்பது அரிது. பொடோமாக் ஆற்றையொட்டிய வாஷிங்டன் சேனல் என்னும் நீர்வழியில் நங்கூரம் போட்டால், அருங்காட்சியகங்கள் வரிசைகட்டி நிற்கும் நேஷனல் மால் திடல் பத்துப் பதினைந்து நிமிட நடையில் வந்துவிடும். அதே இடத்தில் ஓட்டலில் இரண்டு வாரம் தங்குவதை நடுத்தரக் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

ஆனால் புதிதாக வருகிற பலர் நாலே நாளில் சலித்துப்போய்க் கிளம்பிவிடுகிறார்கள். வந்த அன்றே ஊரைப் பார்க்க ஓடுவதுதான் காரணம். மூன்றாம் நாள் கழிவுத் தொட்டி நிரம்பும், குடிநீர் தீரும், இடிமழையில் நங்கூரம் இழுக்கும், பார்க்க நினைத்த இடத்துக்குச் சீட்டும் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முடியும் வரையும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் ஆற்றின்மேல் காற்றே இராது. ஏசி இல்லாத படகின் உள்ளறையில் குழந்தைகள் தூங்க மாட்டார்கள். மாலையானால் இடியோடு கூடிய புயல்மழை வேறு.

செர்ரி மரங்கள் பெரும்பாலும் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பூக்கும். மரங்கள் நிற்கும் டைடல் பேசின் குளம் வாஷிங்டன் சேனலின் தலைமாட்டிலேயே இருப்பதால் படகுக்காரர்களுக்கு இதைவிட நல்ல இருப்பிடம் கிடையாது. ஆனால் அந்த வாரங்களில் மெரினா (படகு கட்டும் துறை) இடங்கள் வெகு சீக்கிரம் போய்விடும், இரவுகள் குளிரும். பூவுக்காகவே வருவதானால் குளிர்காலத்திலேயே இடம் பேசிவிடுங்கள்.

ஜூலை 4ஐ ஒட்டி வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வாணவேடிக்கைக்காக ஆற்றின் சில பகுதிகளைக் கடலோரக் காவல்படை மூடும். மாலுமிகளுக்கான உள்ளூர் அறிவிப்பைப் படிக்காமல் அந்த வாரம் படகை நகர்த்தாதீர்கள்.

2. காகிதங்கள்

அமெரிக்காவில் பதிவான படகு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

வெளிநாட்டுக் கொடியோடு வருகிறவர்கள் நுழைவுச் சடங்குகளை வாஷிங்டன் வரை தள்ளிப்போட முடியாது. நாட்டுக்குள் முதலில் தொடும் துறைமுகத்திலேயே, பலருக்கு அது நார்ஃபோக், சுங்க எல்லைக் காவல் துறையிடம் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். சில நாடுகளின் படகுகளுக்கு மட்டும் குரூசிங் லைசென்ஸ் தருவார்கள். அது இல்லாத படகு ஒவ்வொரு துறைமுகத்திலும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

விசாவில்தான் பலர் சறுக்குகிறார்கள். பல ஐரோப்பிய நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விமானத்தில் வரும்போது விசா தேவைப்படாது. அதே ஆள் சொந்தப் படகில் வந்து இறங்கினால் அந்தச் சலுகை செல்லாது, முத்திரையிட்ட பி-2 சுற்றுலா விசா வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு எப்படி வந்தாலும் விசா வேண்டும் என்பதால் இந்தக் குழப்பம் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் கவனியுங்கள்.

3. தேதி கேட்கும் சீட்டுகளை ஆற்றில் ஏறுவதற்கு முன்பே எடுங்கள்

ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் எல்லாமே இலவசம். அதை நம்பி எதற்கும் பதிவு வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. விமான, விண்வெளி அருங்காட்சியகத்துக்கும் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் நேரம் குறித்த இலவச அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். விலங்குக் காட்சிசாலைக்கும் நுழைவுச் சீட்டு தேவை. இயற்கை வரலாறு, அமெரிக்க வரலாறு, தேசிய ஓவியக்கூடம் ஆகியவற்றுக்குள் சீட்டில்லாமல் நடந்து போகலாம்.

555 அடி உயரமுள்ள வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சிக்குப் போவதற்கான சீட்டு 30 நாள் முன்பாக இணையத்தில் திறக்கும். ஒரு சீட்டுக்கு 1 டாலர் சேவைக் கட்டணம். அன்றன்றைக்கு இலவசச் சீட்டும் தூணின் அடியிலுள்ள அலுவலகத்தில் காலையில் தருவார்கள், ஆனால் குழந்தைகளோடு அந்த வரிசையில் நிற்பது பாடு. நாடாளுமன்றச் சுற்று இலவசம், முன்பதிவு இருந்தால் நல்லது.

படகுக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. வானிலை எப்போது விடும் என்று தெரியாததால் வந்து சேரும் நாளை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தேதியிட்ட சீட்டு எதையும் வருகைக்கு நினைத்திருக்கும் நாளிலிருந்து நான்கு நாளுக்குள் வைக்காதீர்கள். சீட்டை விடக் கூடாதே என்று மோசமான காற்றில் பொடோமாக்கில் ஏறுவதுதான் இந்தப் பயணத்திலேயே ஆபத்தான முடிவு.

4. மெரினாவா, நங்கூரமா?

இரண்டையும் கலப்பதுதான் என் பரிந்துரை. முதல் இரண்டு இரவு மெரினாவில் கட்டுங்கள், பிறகு நங்கூரத்துக்குப் போங்கள், கிளம்புமுன் ஒரு இரவு மீண்டும் மெரினா. நீர் நிரப்புவது, துணி துவைப்பது, கழிவை உறிஞ்சி எடுப்பது, பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஆகிய எல்லாம் அந்த மூன்று இரவில் முடிந்துவிடும்.

ஊருக்கு மிக அருகில் இருப்பவை வார்ஃப் மெரினாவும், 1892ல் தொடங்கிய கேபிடல் யாட் கிளப்பும். இரண்டும் வாஷிங்டன் சேனலின் நகரப் பக்கக் கரையில் இருக்கின்றன. வார வாடகை, மாத வாடகை தனித்தனியாகக் கேளுங்கள். நாள் வாடகையை ஏழால் பெருக்கி, கட்டுப்படியாகாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் பலர். ஆற்றில் சற்றுக் கீழே அலெக்ஸாண்ட்ரியாவிலும் நேஷனல் ஹார்பரிலும் படகு கட்டலாம், அங்கிருந்து வார்ஃப் வரை வாட்டர் டாக்சி ஓடும் காலங்கள் உண்டு.

நங்கூரம் போடுவதானால் இரண்டு தொலைபேசி அழைப்பு முன்கூட்டியே வேண்டும். ஒன்று மாநகரக் காவல்துறையின் துறைமுகக் காவல் பிரிவுக்கு: எங்கே போடலாம், எத்தனை நாள் நிற்கலாம், அந்த வாரம் ஏதாவது பாதுகாப்புத் தடை உண்டா? தலைநகர் என்பதால் தடைகள் திடீரென்று வரும். இன்னொன்று மெரினாவுக்கு: டிங்கியை (கரைக்குப் போய்வரும் சிறு படகு) கட்ட என்ன கட்டணம், அதில் குளியலறையும் துணி துவைக்கும் இயந்திரமும் அடங்குமா?

5. ஆற்றில் ஏறுதல்: மூன்று பகல் ஒதுக்குங்கள்

செசபீக் விரிகுடாவிலிருந்து வாஷிங்டன் வரை பொடோமாக்கில் சுமார் 100 மைல். ஒரே மூச்சில் போய்விடலாம் என்று கிளம்பாதீர்கள். இரவில் போகிற ஆறு அல்ல இது. கீழ்ப்பகுதியில் நண்டுக்கூடுகளின் மிதவைகள் இறைந்து கிடக்கும், மேல்பகுதியில் மழைக்குப் பின் மரக்கட்டைகள் மிதந்து வரும்.

முகத்துவாரம், அதாவது மேரிலாந்துப் பக்கம் பாயிண்ட் லுக்அவுட்டுக்கும் வர்ஜீனியாப் பக்கம் ஸ்மித் பாயிண்டுக்கும் இடைப்பட்ட அகன்ற நீர்ப்பரப்பு, பொல்லாத இடம். ஆற்று நீர் வெளியே ஓடும்போது தென்கிழக்குக் காற்று எதிர்த்து அடித்தால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) காற்றிலேயே குழந்தைகள் வாந்தியெடுப்பார்கள். காற்றும் ஏற்றமும் (கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் ஓட்டம்) ஒரே திசையில் இருக்கும் காலையைத் தேர்ந்து உள்ளே நுழையுங்கள்.

முதல் இரவுக்கு செயின்ட் மேரிஸ் ஆறு நல்ல ஒதுக்கிடம். இரண்டாம் இரவுக்குக் கலோனியல் பீச் அல்லது போர்ட் டொபாக்கோ ஆறு. படகின் வேகம் குறைவென்றால் மூன்றாவதாக மாட்டவோமன் ஓடையில் தங்கிக்கொள்ளலாம்.

வழியில் டால்கிரனில் கடற்படையின் துப்பாக்கிச் சோதனைத் தளம் இருக்கிறது. வார நாட்களில் பகலில் ஆற்றின் குறுக்கே உண்மையிலேயே சுடுவார்கள், அப்போது காவல் படகுகள் உங்களை ஓரமாகப் போகச் சொல்லும் அல்லது நிறுத்தி வைக்கும். விஎச்எஃப் ரேடியோவின் 16ஆம் சேனலில் காதை வைத்திருங்கள். இந்தப் பகுதியைச் சனி, ஞாயிறில் கடக்குமாறு திட்டமிட்டால் தொல்லையே இல்லை. சற்று மேலே, 2022ல் திறந்த புதிய 301ஆம் சாலைப் பாலம் 135 அடி உயரம் என்பதால் பாய்மரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நீரோட்டத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. கடலிலிருந்து வரும் ஏற்றம் ஆற்றின் மேல்நோக்கி மெல்ல மெல்ல நகர்கிறது. நீங்களும் அதே திசையில் போவதால் ஏற்றத்தின் தொடக்கத்தில் கிளம்பினால் வழக்கமான ஆறு மணி நேரத்தைவிட அதிக நேரம் அது உங்களைத் தள்ளிக்கொண்டே வரும். திரும்பும்போது நிலைமை தலைகீழ்: வற்றத்தில் (நீர் இறங்கும்போது) கிளம்பினாலும் எதிரே வரும் அடுத்த ஏற்றத்தைச் சீக்கிரமே சந்திப்பீர்கள். அதனால் திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள்.

வழியில் இரண்டு இடங்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கலாம். ஒன்று மாலோஸ் பே, முதல் உலகப் போர்க் காலத்து மரக்கப்பல்களின் எலும்புக்கூடுகள் நீரில் கிடக்கும் இடம். 2019ல் தேசியக் கடல்சார் சரணாலயமாக்கினார்கள். பெரிய படகை உள்ளே கொண்டுபோகாதீர்கள், நீருக்கடியில் இரும்புக் கம்பிகள் நிறைய. மற்றொன்று மவுண்ட் வெர்னன், ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணை வீடு. ஆற்றோரத்திலேயே படகுத்துறை இருக்கிறது, ஆழத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. கடைசி சில மைல்கள்

உட்ரோ வில்சன் பாலம் திறந்து மூடும் பாலம். மூடியிருக்கும்போதே சுமார் 70 அடி உயரம் கிடைக்கும். கரையோர உள்நீர்வழியின் பாலங்களைத் தாண்டி வந்த பாய்மரப் படகு எதுவும் அடியில் புகுந்துவிடும்.

பாலத்தைத் தாண்டி, அலெக்ஸாண்ட்ரியாவையும் விமான நிலையத்தையும் இடப்பக்கம் விட்டுப் போனால் ஹெயின்ஸ் பாயிண்ட். இங்கே நீர்வழி மூன்றாகப் பிரிகிறது, புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இடப்பக்கம் அகலமாகத் தெரிவது பொடோமாக்கின் முதன்மை ஓட்டம். அதில் போனால் 18 அடி உயரமே உள்ள பாலங்கள் முன்னால் நிற்கும், பாய்மரப் படகுக்கு அதற்குமேல் வழியில்லை. வலப்பக்கம் பிரிவது அனகோஸ்டியா ஆறு. நீங்கள் போக வேண்டியது நடுவில் இருக்கும் குறுகலான வாஷிங்டன் சேனல். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மிதவைகளின் எண்களை வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திரும்புங்கள். முனையை ஒட்டி வெட்டிப் போகவே கூடாது, அங்கே மேடு தட்டும்.

சேனலுக்குள் அலையெழுப்பாமல் மெதுவாகப் போங்கள். நகரப் பக்கக் கரையில் மக்கள் படகில் குடியிருக்கிறார்கள்.

7. முதல் இரண்டு நாள் படகுக்கே

குழந்தைகள் துடிப்பார்கள், ஆனாலும் இந்த இரண்டு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கழிவுத் தொட்டியை முதல் நாளே காலி செய்து, தேதியை எழுதி வையுங்கள். கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை நீரில் விடுவது குற்றம், ஆற்றில் கேட்கவே வேண்டாம். உங்கள் குடும்பத்துக்குத் தொட்டி எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தால்தான் மீதித் திட்டமே நிற்கும். பகலெல்லாம் அருங்காட்சியகக் கழிப்பறைகளைப் பயன்படுத்தினால் நாள் கணக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

நங்கூரம் போடும்போது கணக்கு எளிது. நீராழம் 18 அடி, அணியம் (படகின் முன்முனை) நீருக்குமேல் 4 அடி, ஏற்றம் 3 அடி: மொத்தம் 25. ஐந்து மடங்கு என்றால் 125 அடி சங்கிலி. அடிமண் மென்சேறு, அதனால் நங்கூரம் இறங்கியதும் என்ஜினைப் பின்னோக்கி முடுக்காமல் கால் மணி நேரம் ஊற விடுங்கள். நங்கூரம் தன் எடையிலேயே சேற்றில் புதையும். பிறகு மெதுவாக இழுத்துப் பிடிப்பு பாருங்கள். குறுகிய சேனலில் காற்று ஒரு பக்கமும் நீரோட்டம் ஒரு பக்கமும் இழுக்கும்போது பக்கத்துப் படகு உங்களைப் போலவே சுழலாது. ஒரு முழு ஏற்ற இறக்கத்தைப் படகில் இருந்து பார்த்த பிறகே எல்லோரும் கரைக்கு இறங்கலாம்.

கோடை மாலைகளில் வானம் கறுத்தால் அருங்காட்சியகத்தில் எவ்வளவு சுவாரசியமான கூடத்தில் இருந்தாலும் பெரியவர் ஒருவர் படகுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நீந்த ஆசைப்படும் குழந்தைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள்: நகர எல்லைக்குள் ஆற்றில் நீந்த 1971லிருந்து தடை. பெருமழையில் சாக்கடையும் மழைநீரும் கலந்து ஆற்றில் வழியும் ஊர் இது.

8. டிங்கி

நகரத்தில் டிங்கிதான் உங்கள் வாசற்படி. என்ஜினையும் டிங்கியையும் தனித்தனிப் பூட்டால் கட்டுங்கள். 13 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஓடும் படகில் உயிர்காப்புச் சட்டை அணிவது சட்டம், காவல் படகு பார்த்தால் நிறுத்தும். இரவு ஊர் பார்த்துத் திரும்புவதால் டிங்கிக்கு வெள்ளை விளக்கு தேவை. சுற்றுலாப் படகுகள் இருட்டிய பிறகும் சேனலில் ஓடுகின்றன.

9. ஊர் பார்க்கும் முறை

நாளுக்கு ஒரு இடம். அதிலும் ஒரே கூடம், இரண்டு மணி நேரம். வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்குள்ள ஒரே வசதி இதுதான், அதைக் கைவிட்டுவிட்டு மூன்று நாள் பயணிபோல் ஓடுவது வீண். நுழைவு இலவசம் என்பதால் பாதியில் வெளியே வந்தாலும் நட்டமில்லை. மறுநாள் போகலாம்.

காலை 10 மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே இருங்கள். பள்ளிப் பேருந்துகள் வருமுன் ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். மதிய உணவைக் கையில் கொண்டுபோங்கள், பிற்பகல் படகில் பாடமும் தூக்கமும். நினைவுச் சின்னங்களை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லிங்கன், ஜெஃபர்சன், மார்ட்டின் லூதர் கிங் நினைவிடங்கள் இரவெல்லாம் திறந்திருக்கும், வெயிலும் இல்லை, கூட்டமும் குறைவு. ஜெஃபர்சன் நினைவிடம் வார்ஃபிலிருந்தே நடக்கும் தூரம்.

நாடாளுமன்றத்தையும் காங்கிரஸ் நூலகத்தையும் ஒரே நாளில் வையுங்கள். இரண்டுக்கும் இடையே சுரங்கப்பாதை உண்டு, அதில் போனால் இரண்டாவது பாதுகாப்பு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நூலகத்தின் ஜெஃபர்சன் கட்டடத்துக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை, நாடாளுமன்றச் சுற்று ஞாயிறன்று இல்லை. எனவே செவ்வாய் முதல் சனி வரை.

ஆசியக் கலை அருங்காட்சியகத்தை, குறிப்பாக அதன் ஃப்ரீயர் கட்டடத்தை, வழிகாட்டிகள் பலவும் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் அப்படி விடக் கூடாது. சோழ அரசி செம்பியன் மாதேவியின் உருவம் என்று அறிஞர்கள் பலர் கருதும் 10ஆம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனி இவர்கள் சேகரிப்பில் இருக்கிறது. பார்வதியாகவும் அரசியாகவும் ஒருசேர நிற்கும் வடிவம். காட்சிகளை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாஷிங்டன் டல்லஸ் (Dulles) விமான நிலையத்துக்கு அருகிலுள்ள உட்வர்-ஹேசி மையத்துக்கு ஒரு முழு நாள் தேவை. டிஸ்கவரி விண்வெளி ஓடம் அங்கேதான் இருக்கிறது. சில்வர் லைன் மெட்ரோவில் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம்.

வார்ஃபுக்கு அருகில் பச்சைத் தடத்தில் வாட்டர்ஃபிரண்ட் நிலையமும், பல தடங்கள் சந்திக்கும் லான்ஃபான் பிளாசா நிலையமும் இருக்கின்றன. ஆளுக்கொரு ஸ்மார்ட்ரிப் பயண அட்டையோ தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையோ வேண்டும், ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. பழைய வழிகாட்டிகள் சொல்லும் சிவப்பு நிற சர்க்குலேட்டர் பேருந்து 2024 முடிவோடு நின்றுவிட்டது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சமையல் சாமானுக்கு வாட்டர்ஃபிரண்ட் நிலையத்தை ஒட்டிய சேஃப்வே போதும், மடக்குத் தள்ளுவண்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கும் நண்டுக்கும் 1805லிருந்து நடக்கும் மெயின் அவென்யூ மீன் சந்தை சேனலின் கரையிலேயே. உயிர்நண்டு வாங்கி வந்து மிளகுக் குழம்பு வைத்தால், அந்த வாசனைக்குப் பக்கத்துப் படகுக்காரர்களே பேச்சுக்கு வந்துவிடுவார்கள்.

10. வாசலில் திருப்பி அனுப்பப்படாமல் இருக்க

படகுக்காரர்களின் இடுப்பில் கத்தியோ பல்கருவியோ தொங்காமல் இராது. தலைநகரில் அதுதான் முதல் எதிரி. அருங்காட்சியகங்களிலும் நாடாளுமன்றத்திலும் கத்தியோடு உள்ளே விட மாட்டார்கள், வாங்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் சட்டைப்பையில் இருந்த சின்னக் கத்திக்காக எல்லோரும் திரும்பி நடப்பதை அடிக்கடி பார்க்கலாம். டிங்கியில் இறங்குமுன் எல்லோரும் பையைக் காலி செய்யும் பழக்கத்தை உண்டாக்குங்கள். நாடாளுமன்றத்துக்குள் உணவும் நீரும் கூடாது, காலிப் பாட்டிலைக் கொண்டுபோகலாம்.

ட்ரோன் வைத்திருந்தால் பெட்டியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம். நகரைச் சுற்றி 15 மைல் ஆரத்துக்குள் பறக்கவிடத் தடை. படகின் மேல்தளத்திலிருந்து ஒரே ஒரு படம் என்ற சமாதானம் எடுபடாது.

11. கிளம்பும்போது

கடைசி இரவு மெரினாவில் கழிவை எடுத்து, நீர் நிரப்பி, வானிலையை மூன்று நாளுக்குப் பாருங்கள். சேனலில் நங்கூரச் சங்கிலி கரிய சேற்றோடு வரும், கழுவக் குழாயும் தூரிகையும் தயாராக இருக்கட்டும். அப்படியே பெட்டிக்குள் போட்டால் உள்ளறை வாரக்கணக்கில் நாறும்.

வாரக்கணக்கில் நன்னீரில் நின்றதால் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த கடல் சிப்பிகள் பெரும்பாலும் செத்திருக்கும். ஆனால் ஓடுகள் உதிராமல் சுழலியில் (புரொப்பெல்லர்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். என்ஜின் வழக்கத்தைவிட அதிரும், வேகம் வராது. அலெக்ஸாண்ட்ரியாவைத் தாண்டுவதற்குள்ளேயே முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், கோளாறு இருந்தால் அங்கேயே திரும்பிச் சரிசெய்யலாம். வெள்ளிக்கிழமை காலை வாஷிங்டனை விட்டால் டால்கிரன் பகுதி சனிக்கிழமை வரும், சுடும் தளத்தின் தொல்லையில்லாமல் கடந்து ஞாயிறு மாலைக்குள் செயின்ட் மேரிஸ் ஆற்றில் நங்கூரம் போட்டுவிடலாம்.